காலிக் கால்வாய்க்கு ஒரு பூட்டு

அத்தியாயம் 5

கால்வாயைக் காணவில்லை.

கரை இருந்தது. கரையோரம் புதிதாகப் போட்ட நடைபாதை, பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெஞ்சுகள், 'இங்கே நீந்தாதீர்கள்' என்று எழுதிய பலகை எல்லாம் இருந்தன. தண்ணீர்தான் இல்லை. பலகைக்குக் கீழே இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சேறு வெயிலில் பளபளத்தது. அதன் நடுவே இருபத்துநான்கு பேர் உட்காரும் வெள்ளை உல்லாசப் படகு ஒன்று, தூக்கத்தில் கட்டிலிலிருந்து நழுவியவரைப் போல ஒருக்களித்துக் கிடந்தது.

"அக்கா, நகையைக் காணோம்னு வந்திருக்காங்க. நாயைக் காணோம்னு வந்திருக்காங்க. ஒரு தடவை மாமியாரைக் காணோம்னு வந்து, கண்டுபிடிச்சுக் குடுத்ததும் கோவிச்சுக்கிட்டுப் போனாங்க. ரெண்டு கிலோமீட்டர் தண்ணியைக் காணோம்னு யாரும் வந்ததில்ல," என்றான் ஸ்டெப்னி.

"தண்ணி ஆத்துக்குப் போயிடுச்சு. அதைத் தேட வேண்டாம். போகச் சொன்ன ஆளைத் தேடு," என்றாள் செக்கிங்.

இருபத்திரண்டு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவள் அவள். வேலையை விட்டுத் துப்பறியும் அறை திறந்த பிறகும் பட்டப்பெயர் விடவில்லை. பழக்கமும்தான். எதிரே யாராவது வந்து நின்றால் அவளுடைய வலது கை இன்றைக்கும் தானாக லேசாக நீளும். டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த ஸ்டெப்னி ஒரு வழக்கில் அவளுக்காக வெளியே காத்திருக்க வந்தவன். ஏழு வருடமாகக் காத்திருக்கிறான். நாற்பது வயது, பெயருக்கேற்ற இடுப்பு.

அவர்களைக் கூப்பிட்டிருந்தவர் மதகுக்காரர். ஐம்பத்தெட்டு வயது. முறுக்கிய மீசை, புத்தம்புதிய நீலத் தொப்பி. பேசும்போது தொப்பியைத் தொட்டுத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

"முப்பது வருஷம் மேடம். சரக்குப் படகு ஓடின காலத்துலேர்ந்து இந்த மதகு என் கையில. சரக்கு நின்னு போச்சு, கால்வாய் பாசி பிடிச்சுக் கிடந்துச்சு. இப்பதான் ரெண்டு வருஷமா தூர் வாரி, கரை கட்டி, சுற்றுலாப் படகு விடுறாங்க. நேத்துக் காலையில வெள்ளோட்டம். ஊர்ப் பெரியவங்க எல்லாம் ஏறி உட்கார வந்தா, படகு சேத்துல. நான் முந்தின நாள் சாயங்காலம் வடிகால் ஷட்டரை மூட மறந்துட்டேனாம்."

"மறந்தீங்களா?"

"சாப்பிட மறப்பேன் மேடம்."

"நாலு மணிக்கு விசாரணை?"

"நாலு மணிக்கு. திட்டத் தலைவி வராங்க. தப்பு என் மேலன்னு முடிவாச்சுன்னா வேலை போச்சு, இந்த வீடும் போச்சு. மதகுக்கு பட்டன் வெச்சுடுவாங்க. என் வீட்டை ஐஸ்கிரீம் கடை ஆக்கிடுவாங்க."

அவர் காட்டிய வீடு மதகின் தோளில் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு அறை, ஒரு விறகடுப்புப் புகைபோக்கி, தண்ணீரைப் பார்த்த ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஆணியில் ஷட்டரைச் சுழற்றும் இரும்புக் கைப்பிடி தொங்கியது.

"இது எப்பவும் இங்கேதான் தொங்குமா?" என்று கேட்டாள் செக்கிங்.

"எப்பவும்."

"அப்ப ஊர்ல எல்லாரும் சந்தேகத்துக்கு உரியவங்க. நல்லது. முந்தின நாள் சாயங்காலம் நீங்க எங்க?"

"அஞ்சரைக்கு மூடிட்டு டவுனுக்குப் போனேன். யூனிஃபார்ம் அளவு எடுக்கக் கூப்பிட்டிருந்தாங்க. திரும்பி வரும்போது பத்து. இருட்டு. நேராப் போய்ப் படுத்துட்டேன்."

"வீட்ல?"

"அவ மட்டும்தான். அவகிட்ட கேக்க ஒண்ணுமில்ல மேடம். மதகுக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. அவ உண்டு, அடுப்பு உண்டு."

மணி ஒன்றரை.

*

அடுப்படியில் மதகுக்காரரின் மனைவி தேநீர் வைத்திருந்தாள். ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. சற்று உரக்கப் பேசினாள். மூடியிருந்த ஜன்னலையும் தாண்டித் தண்ணீர் கசியும் சத்தம் அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. கால்வாயின் கீழ்ப்பகுதி வற்றினாலும், மதகின் மேல்கதவுக்கு அப்பால் தண்ணீர் நிறைந்துதான் நின்றது. பழைய மரக்கதவின் இடுக்குகள் வழியே அது ஓயாமல் ஒழுகிக்கொண்டிருந்தது.

"எப்பவும் இப்படித்தானாம்மா?" என்றான் ஸ்டெப்னி. "எனக்கு இப்பவே பாத்ரூம் போகணும் போல இருக்கு."

அவள் சிரித்தாள். "இவ்வளவு இருக்காது தம்பி. சாயங்காலமானா சாம்பல் போட்டு அடைச்சிடறது. நேத்துலேர்ந்து எதையும் தொடக் கூடாதுன்னு இன்ஜினீயர் உத்தரவு."

"அன்னைக்குச் சாயங்காலம் ஷட்டர் திறந்த சத்தம் கேக்கலையா?" என்றாள் செக்கிங்.

"முப்பது வருஷமா தண்ணிச் சத்தம். இதுல எது எந்தத் தண்ணின்னு எப்படிப் பிரிக்கிறது?"

இரண்டு கோப்பைகள் மட்டும் வெளியே இருந்தன. மற்றவை காகிதத்தில் சுற்றப்பட்டு ஒரு பெட்டிக்குள் இருந்தன. வெள்ளையடிக்கப் போவதாகச் சொன்னாள். ஸ்டெப்னி தனக்கொரு கோப்பையைப் பிரித்தான். சுற்றியிருந்த வழவழப்பான காகிதத்திலிருந்து மதகுக்காரர் மீசையோடு அவனைப் பார்த்தார். கையில் ஒரு வாளி.

"அடடே, நம்ம ஆளு!" என்று அவன் உரக்கப் படித்தான். "'முப்பது ஆண்டுகளாகத் தனி ஒருவராக மதகைக் காத்து நிற்கும் மாமனிதர்! மாலைதோறும் சாம்பலால் கசிவை அடைக்கும் அரிய கலையை நேரில் காணுங்கள்! அடுத்த பத்து ஆண்டுகளும் இவரே இந்த மதகு இல்லத்தில் உங்களை வரவேற்பார்.' அக்கா, போட்டோல வாளியே புதுசு. பெயிண்ட் வாசனை அடிக்குது."

"இன்னும் பத்து வருஷமா இங்கே?" என்று கேட்டாள் செக்கிங்.

"அதுல போட்டிருக்குல்ல," என்றாள் அவள், கோப்பையைத் துடைத்தபடி. "நானும் அதுலதான் படிச்சேன்."

பின்வாசல் வழியாக வெளியே போன ஸ்டெப்னி எதிலோ இடறினான். மூடி போட்ட பழைய தகர வாளி. உள்ளே சாம்பல் நிறத்தில் இட்லி மாவு போல ஏதோ குழைந்திருந்தது. "வாசல்ல படம் பிடிக்க ஒரு வாளி, கொல்லையில தடுக்கி விழ ஒரு வாளி," என்று முனகிக்கொண்டே முழங்காலைத் தேய்த்தான்.

*

சேற்றில் இறங்க ஒரு இரும்பு ஏணி இருந்தது. செக்கிங் காலணியைக் கழற்றிவிட்டு இறங்கினாள். ஸ்டெப்னி காலணியோடு இறங்கி, ஒன்றை மட்டும் திரும்பப் பெற்றான்.

வடிகால் ஷட்டர் கரைச் சுவரில் ஒரு இரும்புத் தகடு. மூன்றடி அகலம். உயர்த்தினால் கால்வாய்த் தண்ணீர் சுவருக்கு அப்பால் இருக்கும் ஆற்றுக்கு ஓடிவிடும். இப்போது அது இறுக மூடியிருந்தது. அதன் அடிவிளிம்பு கல்லோடு சேரும் இடத்தில் விரல் பருமனில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஒரே சீராக, காய்ந்து வெடித்துப் படிந்திருந்தது.

"அங்க என்ன பாக்கறீங்க?" கரையிலிருந்து ஒரு குரல். வெள்ளை ஷூ, வெள்ளைச் சட்டை, கையில் டேப்லெட். திட்டத்தின் இளம் பொறியாளன். எதற்கெடுத்தாலும் பட்டன் வைத்துவிடலாம் என்பவன் என்பதால் வேலையாட்கள் அவனுக்குப் பொத்தான் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"இது என்னன்னு தெரியுமா?" என்றாள் செக்கிங்.

பொத்தான் குனிந்து பார்த்தான். "சேறு?"

"உங்க கதை என்ன?"

"சிம்பிள் மேடம். பெரியவர் சாயங்காலம் மூட மறந்தார். ராத்திரி பூரா தண்ணி போச்சு. காலையில பாத்துப் பதறி மூடிட்டு, மூடித்தான் இருந்துச்சுன்னு சொல்றார். ஒரு பட்டன் இருந்திருந்தா இதெல்லாம் பதிவாகியிருக்கும்."

அவன் போனதும் ஸ்டெப்னி கிசுகிசுத்தான். "அக்கா, இவன்தான். பட்டன் விக்கணும், பெரியவர் போகணும். முகத்துலயே ஸ்விட்ச் தெரியுது."

"அந்த ஷூவைப் பாத்தியா?"

"வெள்ளை."

"ரெண்டு வருஷமா தூர் வாருற இடத்துல வேலை பாக்கறான். ஒரு பொட்டு அழுக்கு இல்ல. இவன் ஏணியில கால் வெச்சதே கிடையாது. அதோட, இது சேறுன்னு நம்பறான்." அவள் அந்தக் கோட்டை நகத்தால் சுரண்டினாள். "இது சாம்பல். ஷட்டரை உயர்த்தினா பழைய சாம்பல் தண்ணியோட அடிச்சுக்கிட்டுப் போயிடும். ஆக, இது தண்ணி போன பிறகு வெச்சது. ஒருத்தர் கால்வாயைக் காலி பண்ணியிருக்கார். அப்புறம் ஷட்டரை இறக்கியிருக்கார். அப்புறம் இந்த ஏணியில இறங்கி, தண்ணி ஒழுகாம இருக்கச் சாம்பல் வெச்சு அடைச்சிருக்கார்."

ஸ்டெப்னி சேற்றைப் பார்த்தான். "எந்தத் தண்ணி?"

"அதேதான்."

"காலி கால்வாய்க்கு யாராவது பூட்டுப் போடுவாங்களாக்கா?"

"மூளை போடாது. கை போடும். நான் வேலையை விட்டு ஏழு வருஷம் ஆச்சு. நேத்துக் கல்யாண வீட்ல ஒருத்தர் வணக்கம் சொன்னார். நான் கையை நீட்டிட்டேன், டிக்கெட்டுக்கு."

"அவர் என்ன பண்ணார்?"

"மொய்க்கவரைக் குடுத்துட்டார்."

ஸ்டெப்னி சிரித்து முடிக்கவில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப தினமும் சாம்பல் வைக்கிற கைதான் இதைச் செஞ்சிருக்கு. பெரியவரேவா? நம்மளைக் கூப்பிட்டவரே?"

செக்கிங் ஏணியில் ஏறினாள்.

*

மணி மூன்று இருபது. மேல்கதவின் மேடையில் பொத்தானையும் சேர்த்து நால்வர் நின்றார்கள். மனைவி மட்டும் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஒரு சின்ன உதவி," என்றாள் செக்கிங் மதகுக்காரரிடம். "இந்தக் கசிவைச் சாம்பல் வெச்சு அடைச்சுக் காட்டுங்க. உத்தரவை நான் பாத்துக்கறேன்."

"இப்பவா? விசாரணை..."

"அதுக்குத்தான்."

மதகுக்காரர் தொப்பியைச் சரிசெய்தார். வாசலிலிருந்த வாளியை எடுத்துவந்தார். திட்டத்தின் சின்னம் வரைந்த நீல வாளி. அதில் சலித்த உலர்ந்த சாம்பல். கதவுக்கு மேற்புறம் தண்ணீரில் அதை ஒரே வீச்சில் கொட்டினார்.

சாம்பல் மூழ்கவில்லை. பாலாடை போல நீர்மேல் விரிந்தது. காற்று அதை மெல்லத் தள்ளிக்கொண்டு போனது. கதவு முன்போலவே ஒழுகியது.

"கொஞ்சம் நேரம் ஆகும்," என்றார்.

எல்லாரும் காத்திருந்தார்கள். சாம்பல் அக்கரையில் போய் ஒதுங்கியது. பொத்தான் டேப்லெட்டில் எதையோ தட்டினான்.

"இன்னைக்குக் காத்து அதிகம்," என்றார் மதகுக்காரர். இன்னொரு வீச்சு கொட்டினார். அதுவும் மிதந்து போனது.

பொத்தான் உதட்டைப் பிதுக்கிவிட்டு, தலைவியை எதிர்கொள்ள நடைபாதைப் பக்கம் போனான்.

அப்போதுதான் வாசலில் நின்றவள் நடந்து வந்தாள். கையில் பின்வாசலின் பழைய தகர வாளி. கணவரைத் தாண்டிப் போய் மேடை விளிம்பில் மண்டியிட்டாள். ஊறிக் குழைந்த சாம்பலை உள்ளங்கையில் அள்ளினாள். காதைக் கதவுப் பக்கம் சாய்த்து, கசிவின் சத்தத்தைக் கேட்டு இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். கையை முழங்கை வரை நீருக்குள் விட்டு, கதவை ஒட்டி விரல்களைத் திறந்தாள். சாம்பல் புகை போல இறங்கியது. தண்ணீரின் இழுப்பு அதை இடுக்குக்குள் உறிஞ்சியது. நகர்ந்தாள், கேட்டாள், மறுபடி விட்டாள்.

ஆறாவது பிடியில் சத்தம் நின்றது.

அந்த அமைதியில், எங்கோ தொலைவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது.

"பாத்துக்கிட்டு இருக்க முடியலை," என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல். பிறகு செக்கிங்கை நிமிர்ந்து பார்த்தாள். சிக்கிக்கொண்டது அவளுக்குப் புரிந்துவிட்டது. கையை இழுத்து மறைக்கவில்லை.

"கீழே ஷட்டர்ல எதுக்கும்மா வெச்சீங்க?" என்று கேட்டாள் செக்கிங். "தண்ணியே இல்லையே."

"ஏறி வந்துட்டேன். ஏணி வரைக்கும் வந்துட்டேன். அடைக்காம வந்தா என்னமோ மாதிரி இருந்துச்சு. திரும்பப் போய் வெச்சேன்."

மதகுக்காரருக்குக் கடைசியாகத்தான் புரிந்தது. நீல வாளி கையிலிருந்து நழுவி உருண்டது. "நீயா?"

"நான்தான்."

"என் வேலைக்கு உலை வெச்சியா? கட்டின புருஷனுக்கு?"

"இந்த வருஷத்தோட போயிடலாம்னு சொன்னது யாரு? மேட்டுல, தண்ணியே கண்ணுல படாத இடத்துல ஒரு வீடு. தங்கச்சி பக்கத்துத் தெரு. மூணு வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நான் பாத்திரத்தைக்கூட எண்ணி வெச்சுட்டேன். பத்து வருஷத்துக்குக் கையெழுத்து போட்டுட்டு, ஒரு வார்த்தை சொன்னீங்களா? சுற்றுலாக்காரங்களுக்கு அச்சடிச்ச காகிதத்தை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கணும். அதுலயும் தனி ஒருவர்."

"அது அவங்க எழுதினது."

"வாளியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு?"

"சாம்பல் கொட்டுறதுதானே! அது ஒரு வேலையா?"

அவள் அக்கரையில் ஒதுங்கிக் கிடந்த சாம்பல் ஆடையை ஒருமுறை பார்த்தாள். அவரும் பார்த்தார்.

செக்கிங் மதகுக்காரர் அருகே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நீங்கதான் என்னைக் கூப்பிட்டீங்க. முடிவு உங்களோடது. நீங்க மறக்கலைங்கறதை யார் பேரும் சொல்லாம நிரூபிச்சிடலாம். தண்ணி போன பிறகு, சாம்பல் வேலை தெரிஞ்ச ஒருத்தர் அந்த ஷட்டரை அடைச்சிருக்கார். உங்களுக்கு அந்த வேலை தெரியாது. அதனால அது நீங்க இல்ல. இவ்வளவு போதும். சாம்பல் மிதந்ததைப் பாத்துட்டுப் போன அந்த இன்ஜினீயர் பையனே சாட்சி."

"எனக்குத் தெரியாதுன்னு..." அவர் உருண்டு கிடந்த நீல வாளியைப் பார்த்தார். "அதை நான் சொல்லணுமா?"

"அதை மட்டும்தான்."

நடைபாதையில் கார் வந்து நின்றது. திட்டத் தலைவி இறங்கினாள். பின்னால் கோப்புகளோடு இருவர். மணி நாலாக மூன்று நிமிடம்.

மதகுக்காரரின் மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை என்று ஸ்டெப்னிக்குத் தோன்றியது. கடைசி ரயிலின் கதவோரம் நின்றுகொண்டு, யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்ப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"என்ன தெரிஞ்சுது?" என்றாள் தலைவி.

மதகுக்காரர் குனிந்து நீல வாளியை எடுத்தார். தொப்பியைச் சரிசெய்தார்.

"திறந்தது இவதான் மேடம். எனக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

*

மற்றவை பத்து நிமிடத்தில் முடிந்தன. யாருக்கும் அடிபடவில்லை. படகிலும் கீறல் இல்லை. பத்திரிகைக்குப் போகாமல் இருந்தால் போதும் என்றாள் தலைவி. மதகுக்காரர் மதகுக்காரராகவே இருப்பார், வீட்டிலேயே இருப்பார். "உங்க வீட்டு விஷயத்தை நீங்களே பேசித் தீத்துக்குங்க," என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மேல்கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து கீழே தண்ணீர் விட்டார்கள். சேற்றின் மேல் முதல் ஓடை நெளிந்து போயிற்று.

மதகுக்காரர் செக்கிங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க மேடம்."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். எத்தனையோ பேரைப் பாதி வழியில் இறக்கிவிட்டவள்தான். டிக்கெட் வைத்திருந்த ஒருவரை இறக்கிவிட்டது போல இதுவரை உணர்ந்ததில்லை.

அவர்கள் காரை அடைந்தபோது மனைவி அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஒரு பெட்டி, ஒரு பை. பெட்டிக்குள் கோப்பைகள் கலகலத்தன.

"பஸ் நிறுத்தம் வரைக்கும் விட்டுடுவீங்களா தம்பி?"

"தங்கச்சி வீடு வரைக்கும்மா," என்றான் ஸ்டெப்னி. அவள் மறுப்பதற்குள் பெட்டியை உள்ளே வைத்துவிட்டான்.

கார் மேட்டில் ஏறியது. கால்வாய் கண்ணாடியில் சுருங்கி ஒரு கோடாகி மறைந்தது. ஸ்டெப்னி இரண்டு ஜோக்குகளை யோசித்து, இரண்டையும் ஜன்னலுக்கு வெளியே போட்டான்.

"நான் செஞ்சது தப்புதான்," என்றாள் அவள் திடீரென்று. "ஆனா ஒண்ணு சொல்றேன். அவர் அந்தத் தலைவியம்மாகிட்ட, 'சாம்பல் வேலை எனக்குத் தெரியாது'ன்னு சொல்லியிருந்தார்னா, அங்கேயே இருந்திருப்பேன். பத்து வருஷம் இல்ல, இருபது வருஷம்."

செக்கிங் முன்னிருக்கையிலிருந்து திரும்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்டெப்னியின் கைபேசி அடித்தது. திரையைப் பார்த்து முகம் மலர்ந்தான். "பாத்தீங்களா, அவர்தான்! கூப்பிடுறார்!" காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் காதில் வைத்தான். "சொல்லுங்கய்யா... ஆமா, எங்ககூடத்தான் இருக்காங்க."

கேட்டான். மலர்ச்சி மெல்ல வடிந்தது. கைபேசியை மார்போடு அழுத்தி மூடிக்கொண்டு பின்னால் திரும்பினான். அவன் கண்கள் அவளைப் பார்க்கத் தயங்கின.

"அம்மா... நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மறுபடி வெள்ளோட்டமாம். சாம்பல் செஞ்சு காட்டணுமாம். எவ்வளவு நேரம் ஊற வைக்கணும்னு கேக்கறார்."

"வேற?"

"வேற... ஒண்ணும் கேக்கலை."

அவள் ஜன்னலை இறக்கினாள். மேட்டுக் காற்று உலர்ந்திருந்தது. தண்ணீர் வாசனையே இல்லை. நகக்கண்களில் ஒட்டியிருந்த சாம்பலை ஒவ்வொன்றாகத் தட்டி வெளியே விட்டாள்.

"ராங் நம்பர்னு சொல்லிடுங்க தம்பி," என்றாள்.